பழி யாரைச் சாரும்?

ஒருவன் இல்லத்திற் கள்வன் புகுந்து பொருளைக் கவர்ந்து சென்றால், ஊரார் கள்வனைத் தேடுவர், பொருளிழந்தவனை இகழார். பெண்ணொருத்தி வன்புணர்வுக்கு ஆளாகியவிடத்து மாத்திரம் இம்முறை தலைகீழாகின்றது. செய்தவன் யாவன் என்னும் வினாவுக்கு முன்னரே, அவள் எங்குச் சென்றாள், எவ்வேளையிற் சென்றாள், எவருடன் சென்றாள் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வழக்கம் எவ்வாறு வேரூன்றியது, சட்டத்தினுள்ளும் எவ்வாறு புகுந்தது, எவ்வாறு சிறிது சிறிதாகத் தளர்ந்தது என்பன ஆராயற்பாலன.

முதற்கண், சொல்லை நோக்குதல் தகும். இக்குற்றத்தைக் குறிக்கக் ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லே நெடுங்காலம் வழங்கிவந்தது. தொல்காப்பியத்திற் கற்பு என்பது களவின் பின் நிகழும் மணவாழ்க்கையைக் குறிப்பது. கற்பியல் என்னும் இயற்பெயரே அதற்குச் சான்று. பிற்காலத்தில் அது பெண்ணின் மனத்திண்மையைச் சுட்டிற்று. எப்பொருள் கொள்ளினும், கற்பு என்பது பிறனொருவன் வன்மையாற் பறித்துச் செல்லக்கூடிய பொருளன்று. ஆயினும் அச்சொல், ஆடவன் செய்த குற்றத்தைப் பெண்ணடைந்த குறையாகக் காட்டிற்று. அண்மைக் காலத்தில் ‘வன்புணர்வு’, ‘பாலியல் வல்லுறவு’ என்னும் சொற்கள் அதனிடத்தைப் பெற்றுவருதல், செயலுக்குரியவனைச் சுட்டும் நன்மாற்றமேயாம்.

புராணக் கதைகளும் இவ்வுண்மையை உணர்த்துவன. வேடந்தாங்கி வந்து வஞ்சித்தவன் இந்திரன். அவனும் சாபம் பெற்றான். ஆயின் வானுலக அரசை இழந்திலன். அகலிகையோ நெடுங்காலம் கல்லாய்க் கிடந்தாள். இக்கதையை 1943ஆம் ஆண்டிற் ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையாகப் புதுக்கிய புதுமைப்பித்தன், சீதையும் தீக்குளிக்க நேர்ந்தமையைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லானாள் என முடித்தார். சாபம் நீங்கினும் சந்தேகம் நீங்காத உலகில் அவளுக்கு விமோசனம் இல்லை என்பது அதன் கருத்து.

இனிச் சட்டத்தை நோக்குவோமாயின், இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நீதிபதி மத்தியூ ஹேல், வன்புணர்வுக் குற்றச்சாட்டு எளிதிற் சுமத்தத்தக்கது, ஆடவன் மறுத்தற்கு அரியது என்னும் கருத்தினராயிருந்தார். அவர் கருத்து நீதிமன்றங்களிற் பல தலைமுறைகள் நிலைபெற்றது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம், முறைப்பாடு செய்த பெண் பொதுவாக ஒழுக்கங் கெட்டவள் எனக் காட்டி அவள் சாட்சியத்தை மறுக்க எதிரிக்கு இடமளித்தது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும் அதனையே முன்மாதிரியாகக் கொண்டது. எனவே, குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஒருவன், விசாரிக்கப்பட்டவள் மற்றொருத்தி.

இதன் விளைவு இந்தியாவில் மதுரா வழக்கில் வெளிப்பட்டது. 1972ஆம் ஆண்டில், மகாராட்டிர மாநிலத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றிலே பழங்குடி இளம்பெண் ஒருத்தி வன்புணரப்பட்டதாக எழுந்த வழக்கு அது. அவள் உடலிற் காயமில்லை, அவள் கூக்குரலிடவில்லை என்பவற்றைக் காரணமாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. அஞ்சி அடங்குதல் வேறு, இசைதல் வேறு என்று உயர் நீதிமன்றம் முன்னர்க் காட்டிய வேறுபாடு கைவிடப்பட்டது. 1979இற் சட்டப் பேராசிரியர் நால்வர் பகிரங்க மடல் எழுதினர். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. 1983இற் சட்டம் திருத்தப்பட்டது. பெண்ணின் ஒழுக்கத்தை இழுக்கும் பிரிவு நீங்குதற்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. பெண் இசையவில்லை என்பதை நிறுவுதற்கு உடற்காயம் இன்றியமையாததன்று என்பது அதிலே தெளிவாக எழுதப்பட்டது. துன்புற்றவளின் அடையாளத்தை அனுமதியின்றி வெளியிடுதலும் குற்றமாக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டே யாழ்ப்பாண மண்ணில் அச்சட்டத்திற்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. 1996 செப்டெம்பர் 7ஆம் நாள், கைதடியைச் சேர்ந்த கிருசாந்தி குமாரசாமி என்னும் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்புகையிற் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார், வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயாரும் தம்பியும் அயலவர் ஒருவரும் மீண்டிலர். நால்வரின் உடல்களும் ஏறக்குறைய ஒன்றரைத் திங்களின் பின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் விசாரணை நிகழ்ந்தது. 1998 யூலை 3ஆம் நாள் படையினர் சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை பெற்ற ஒருவர், செம்மணியில் மேலும் பலர் புதைக்கப்பட்டுள்ளனர் என மன்றிலே கூறினார். 1999இல் அங்கு பதினைந்து எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை மானத்தின் பெயரால் மறைக்கப்படாமையினாலேயே, பெயரறியாத மற்றையோர் இருப்பிடமும் உலகறிய வந்தது.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பட்டப்பகல், பள்ளிச் சீருடை, பரீட்சை, தேடிச் சென்ற தாய்: பழிப்போர்க்கு ஓர் இடமும் அவ்வழக்கில் இல்லை. 2015இற் புங்குடுதீவிலே பள்ளிக்குச் சென்ற மாணவி ஒருத்தி கொல்லப்பட்டபோதும் வடபுலம் முழுவதும் திரண்டெழுந்தது. 2017இல் எழுவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. இவ்விரு வழக்குகளிலும் சமூகம் சிந்திய கண்ணீர் உண்மையானதே. ஆயின் சீருடை அணியாதவள், இரவிற் சென்றவள், கைம்பெண், கூலிக்கு உழைப்பவள், கணவனைப் பிரிந்தவள் ஆகியோருக்கு அதே கொடுமை நேருங்கால், அதே கண்ணீர் சிந்தப்படுகின்றதா? குற்றமற்றவள் என நிறுவிய பின்னரே இரங்குவது இரக்கமன்று. அது பழைய சான்றுச் சட்டத்தை ஊர்த் திண்ணையில் நடைமுறைப்படுத்துவதாகும்.

அவ்வச்சத்தினாலேயே பல குடும்பங்கள் வாய்மூடுகின்றன. மகளின் திருமணம் தடைப்படும், தங்கையரின் வாழ்வு கெடும் என்று எண்ணி முறைப்பாடு செய்யாது விடுகின்றன. குற்றஞ்செய்தவன் அதே ஒழுங்கையில் தலைநிமிர்ந்து செல்ல, துன்புற்றவள் படலையைத் திறக்கவும் நாணுகின்றாள்.

சட்டம் தன் ஏட்டைத் திருத்திக்கொள்ள நூறாண்டுக்கு மேலாயிற்று. மக்கள் மனத்தைத் திருத்தும் பொறுப்போ வீட்டையும் பள்ளியையும் சார்ந்தது. ‘நீ ஏன் சென்றாய்?’ என்று பெண்ணைக் கேட்கும் நா, ‘நீ ஏன் செய்தாய்?’ என்று ஆடவனைக் கேட்கப் பழகுமாயின், அகலிகை மீண்டும் கல்லாக வேண்டிய நிலை ஒழியும்.