மங்கி குல்லாவின் பூர்வீகம்

டில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் முதல் டிசம்பரிலேயே மூன்று சாமான் வாங்கிவிடும். ரஜாய், ரூம் ஹீட்டர், மங்கி குல்லா. முதல் இரண்டையும் பெருமையாக வாங்குவோம். மூன்றாவதை மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு, "அப்பாவுக்குத்தான்" என்று சொல்லி வாங்குவோம். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும் அந்தக் கம்பளிக் குல்லாவுக்காகக் கல்கத்தாக்காரர்களைக் கேலி செய்யாதவர் இல்லை. ஊரில் மார்கழி மாதம் விடிகாலையில் வாக்கிங் போகும் நம் பெரியவர்கள் தலையிலும் அதேதான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்தக் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் பாலக்ளாவா என்று பெயர். கருங்கடல் ஓரம் கிரிமியாவில் இருக்கும் ஒரு சின்னத் துறைமுகத்தின் பெயர் அது. ஒரு துறைமுகத்தின் பெயர் குல்லாவுக்கு எப்படி வந்தது? அதில் ஒரு ஸ்டோர்ஸ் கணக்கு இருக்கிறது. பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டும் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

1853 முதல் 1856 வரை நடந்தது கிரிமியப் போர். ஒரு பக்கம் ரஷ்யா. மறுபக்கம் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி. 1854 அக்டோபர் 25 அன்று பாலக்ளாவாவில் பெரிய சண்டை. பிரிட்டிஷ் படையின் தலைவர் ராக்லன் பிரபு. அன்று குதிரைப்படையின் ஒரு பிரிவை நடத்தியவர் கார்டிகன் பிரபு. தையற்காரர் சொல்லும் ராக்லன் கை, நாம் போடும் கார்டிகன் ஸ்வெட்டர் இரண்டும் இவர்கள் பெயரில்தான். ஒரே போரிலிருந்து மூன்று குளிர்காலப் பெயர்கள்!

பெயர் கொடுத்தார்களே தவிர, சிப்பாய்களுக்குத் துணி போய்ச் சேரவில்லை. போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்துக் கோடை உடுப்போடு வந்த படை அது. செவஸ்தபோல் நகரை முற்றுகையிட்டு மேட்டு நிலத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். 1854 நவம்பர் 14 அன்று அடித்த புயலில், குளிர்கால உடைகளை ஏற்றிவந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் துறைமுக வாசலிலேயே மூழ்கியது. துறைமுகத்திலிருந்து கூடாரத்துக்கு 11 கிலோமீட்டர் இருக்கலாம். அந்தப் பாதையும் சேறாகிவிட்டது.

புயலை யார் தடுக்க முடியும் என்று விட்டுவிடலாம். ஆனால் பிறகு வந்த சரக்கின் கதையைக் கேளுங்கள். டிசம்பர் கடைசியில் பாலக்ளாவா ஸ்டோரில் சுமார் 12,000 ஓவர்கோட்டுகள் இருந்தன. கொடுக்கப்பட்டவை சுமார் 3,000. ஏன்? ஒரு சிப்பாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒரு கோட்டுதான் என்பது விதி! எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். ஸ்கர்வி நோயில் பல்லெல்லாம் ஆட, டிசம்பரில் வந்து இறங்கிய சாறு பிப்ரவரி வரை வினியோகமாகவில்லை. ரேஷனில் அதைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு இல்லை. புத்தகத்தில் இருப்புச் சரியாக இருந்திருக்கும், ஆடிட்டர் டிக் அடித்திருப்பார். வெளியே மனிதர்கள் விறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் படையினர் ஏறக்குறைய 21,000 பேர். குண்டிலும் காயத்திலும் இறந்தவர்கள் அதில் 5,000க்கும் குறைவு. மற்றவர்களைக் கொண்டுபோனது நோய். 'தி டைம்ஸ்' நிருபர் வில்லியம் ஹவார்ட் ரஸ்ஸல் இந்த நிலைமையை எழுதி அனுப்ப, லண்டனில் கொதிப்பு. 1855 ஜனவரி கடைசியில் அபர்டீன் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் துறைமுகத்திலிருந்து கூடாரத்துக்கு ரயில் பாதை போட்டார்கள்.

அதற்குள் பிரிட்டனில் பெண்கள் ஊசியை எடுத்துவிட்டார்கள். மஃப்ளர், கையுறை, தலையை மூடும் குல்லா என்று பின்னிப் பின்னி அனுப்பினார்கள். விக்டோரியா மகாராணியின் அரண்மனையிலும் பின்னல்தான். அரசாங்கம் கோட்டை விட்டதை வீட்டுத் திண்ணை ஈடுகட்டப் பார்த்தது. பாலக்ளாவா என்ற பெயர் அந்தக் குளிர்காலத்திலேயே வந்துவிடவில்லை. அச்சில் அது தென்படுவது 1880களில்தான். மறந்துபோயிருக்க வேண்டிய ஒரு துயரத்தைக் குல்லா ஞாபகம் வைத்துக்கொண்டது.

இரண்டு ஊசிப் பின்னல் ஒரு கலை, குரோஷா வேறு கலை. குரோஷாவுக்குக் கொக்கி வைத்த ஒரே ஊசி போதும். கிரிமியப் போருக்குச் சற்று முன்புதான் அது பரவத் தொடங்கியது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னிமாடங்களில் பெண்களுக்கு குரோஷா லேஸ் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற லேஸ்களைவிட அது சீக்கிரம் கைக்கு வரும், முதலும் அதிகம் வேண்டாம். அந்தக் கொக்கி பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. 1900இல் போயர் போரின்போது, எண்பது வயதான விக்டோரியா மகாராணி தன் கையால் குரோஷா போட்ட எட்டு மஃப்ளர்கள் சிறந்த வீரர்களுக்குப் பரிசாகப் போயின.

குரோஷா நம் நாட்டுக்கும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. ஆந்திராவில் கோதாவரிக் கரை நரசாபுரத்தில் 1840களில் ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதி இதைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். (நம் நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனரிப் பெண்கள் சொல்லிக்கொடுத்த லேஸ், தலையணை மேல் மரக்கட்டைகளை வைத்துப் பின்னும் வேறு வகை.) ஜெர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் நரசாபுரம் பெண்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்கு அவர்கள் கையில்தான் உருவாகிறது. ஆனாலும் எல்லோரும் அவர்களை 'வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்' என்கிறார்கள், வேலையைப் 'பொழுதுபோக்கு' என்கிறார்கள், லாபம் வியாபாரிக்குப் போகிறது என்பதுதான் அவர் கண்டது. 2024இல் நரசாபுரம் குரோஷாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. கூலிக்கும் வரட்டும்.

இனி குல்லாவுக்கு வருவோம். உச்சியில் ஆறேழு கண்ணி போட்டு வளையமாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கண்ணி கூட்டிக்கொண்டே போக வேண்டும். தலை அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேராக இறங்கலாம். நெற்றி வந்ததும் முகத்துக்கு வழி விட்டு, முன்னும் பின்னுமாக வரிசை. தாடைக்குக் கீழே சங்கிலி போட்டு மறுபடி சுற்றை இணைத்துக் கழுத்து வரை. குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் அங்கங்கே முடிந்துவிடுவதால் துணி தடிமனாக இருக்கும், உல்லனும் அதிகம் இழுக்கும். குளிருக்கு அந்தத் தடிமன் நல்லதுதான். விறைப்பாக வந்தால் ஒரு அளவு பெரிய ஊசி எடுக்க வேண்டும்.

லூதியானாவிலிருந்து வரும் குல்லாவை மெஷின் பின்னித் தள்ளிவிடும். குரோஷாவை ஆலை அளவில் போட இன்றுவரை மெஷின் இல்லை. அப்படியென்றால், குரோஷா போட்ட குல்லா எங்கே கண்ணில் பட்டாலும் அதன் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது. பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் மூலப்பொருள், கூலி, இதர செலவு என்று மூன்று தலைப்பு படித்தோம். வீட்டில் பின்னும் குல்லாவுக்கு நாம் போடும் கணக்கில் உல்லன் விலை மட்டும் இருக்கும், கூலி என்ற இடத்தில் பூஜ்யம். பாலக்ளாவா ஸ்டோர்காரர், கொடுக்காத கோட்டைக் கையிருப்பு என்று எழுதிவைத்தார். நாம் கொடுக்கப்பட்ட உழைப்பை எழுதவே இல்லை. இரண்டும் தப்புக் கணக்குதான்.

இந்தக் குளிரில் உங்கள் அம்மாவோ மாமியாரோ அத்தையோ குரோஷா ஊசியோடு உட்கார்ந்திருந்தால், ஒரு குல்லாவுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று கேட்டு எழுதிவையுங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு, குல்லாவைக் கேலி செய்ய மனசு வராது.