ஹௌரா பாலத்தின் உருக்கு

நெடும்பாலமொன்று முதலிற் சுமக்க வேண்டியது தன் பாரத்தையே. வலிய உருக்கைக் கொண்டால் மெலிந்த சட்டங்களே போதும், பாரமும் குறையும். கல்கத்தாவில், 1874ஆம் ஆண்டின் மிதவைப் பாலத்துக்குப் பதிலாக, ஹூக்ளி நதியில் தூணின்றி 1,500 அடி தாவும் பாலம் அமைப்பதற்கு அத்தகைய உருக்கு வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து அது வருமென்ற எதிர்பார்ப்பை இரண்டாம் உலகப்போர் குலைத்தது. அப்போது டாட்டா ஆலையார், குரோமியமும் செம்பும் சிறிதளவே சேர்ந்த ‘டிஸ்குரோம்’ என்னும் உருக்கை ஆக்கி அளித்தனர். ஏறக்குறைய 26,500 தொன்னில் 23,000 தொன் அவர்கள் தந்ததே. தறையாணிகளாற் பிணைக்கப்பட்ட அப்பாலம், குண்டுவீச்சுக்கு அஞ்சி, 1943 பெப்ரவரியில் ஆரவாரமின்றித் திறக்கப்பட்டது. அந்நிய ஆட்சியிலிருந்த ஒரு நாடு தன் தொழில்வன்மையைத் தானே உணர்ந்த வேளை அது. 1965இல் இரவீந்திர சேது எனப் பெயர் பெற்ற அப்பாலம், இன்றும் மக்கள் வெள்ளத்தைச் சுமந்து நிற்கின்றது.