கழற்றியதற்கும் பூட்டியதற்கும் இடையில்

அமராவதி நகரிலிருந்து வடக்கே இறங்கி உடுமலைப்பேட்டைக்கு வருகிறவர்கள் பொள்ளாச்சி – பழனி சாலையைத் தொட்டே ஆகவேண்டும். 1920இல் அந்தச் சாலையில் ஒரு பேருந்து ஓடத் தொடங்கியது. அமராவதி அணையோ, அணையை ஒட்டி எழுந்த நகரோ அப்போது இல்லை. பேருந்தின் உரிமையாளரே அதை ஓட்டினார். கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த அவரை ஜி.டி. நாயுடு என்று தமிழ்நாடு பின்னர் அறிந்துகொண்டது.

அவருடைய இளமையைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனம் பறிகொடுத்த இளைஞர், கோவையில் உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அதை வாங்கினார், அக்கக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். பாடநூலிலும் மேடையிலும் இந்தக் கடைசி இரண்டு வினைச்சொற்களும் அடுத்தடுத்து, மூச்சு விடாமல் வந்துவிடுகின்றன. மேதை என்றால் அப்படித்தான் என்று நாமும் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இன்ஜினைக் கழற்றிப் பார்த்த எவருக்கும் தெரியும், கதை முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கழற்றுவதற்கு ஸ்பேனரும் முரட்டுத்தனமும் போதும்.

அந்த வண்டி எப்படிப்பட்டது என்று பார்த்தால் இது விளங்கும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் 1911இல்தான் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்தது. ஒற்றை சிலிண்டர், 499 சி.சி.; உள்வால்வு தலைக்கு மேலே, கழிவு வால்வு பக்கவாட்டில்; பொறிக்கு மேக்னெட்டோ; பின்சக்கரத்தைச் சுழற்றப் பட்டை. இன்றைய வண்டிகளைப் போல எண்ணெய் தானாகச் சுற்றி வராது. ஓட்டுகிறவரே கைப்பம்பை அழுத்தி இன்ஜினுக்குள் எண்ணெய் அனுப்ப வேண்டும். அது எரிந்தும் ஒழுகியும் தீர்ந்துபோகும். அளவு மிஞ்சினால் புகை மண்டும், பிளக் நனைந்து பொறி அடங்கும். குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். இறுகிய இன்ஜினை ஆத்திரத்தில் உதைத்தால் கனெக்டிங் ராடு வளையும். ஆறவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பொறுமையைத் தவிர வேறு கருவி இதற்குத் தேவையில்லை.

புதிதாகக் கை வைக்கிறவரின் பெரிய பிழை பற்சக்கரங்களில் அடையாளம் போடாமல் கழற்றுவது. மீண்டும் பூட்டும்போது ஒரு பல் தள்ளி அமர்ந்தாலும் போதும். பொறி முந்திக்கொண்டால் இன்ஜின் எதிர்த்து உதைக்கும், பிந்தினால் வண்டி மூச்சுத் திணறிச் சூடேறும். மேக்னெட்டோவை அரைச்சுற்று மாற்றிப் பொருத்திவிட்டாலோ, அமுக்கப்பட்ட கலவை எரிய வேண்டிய நேரத்தில் பொறி விழாமல், கழிவு வெளியேறுகிற நேரத்தில் வீணாக விழும். வண்டி செத்த மாதிரி கிடக்கும். அடையாளம் போயிற்று, கோவென்ட்ரிக்குக் கடிதம் எழுதிக் கேட்கவா முடியும்?

கேட்கத் தேவையில்லை என்பதுதான் இந்த எந்திரத்தின் பெருந்தன்மை. தொலைந்த அடையாளத்தை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிய துளையில் கட்டைவிரலை வைத்து இன்ஜினைச் சுற்றினால், விரலைக் காற்று தள்ளுகிற சுற்றுதான் அமுக்கச் சுற்று. துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் கண்டுகொள்ளலாம். மேக்னெட்டோவின் முனைகளுக்கு இடையே மெல்லிய காகிதத் துண்டைச் செருகி இலேசாக இழுத்துப் பிடித்தபடி சுற்றினால், காகிதம் விடுபடும் கணமே பொறி விழும் கணம். அது பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வந்தால் சரி. கழிவு வால்வு மூடி முடிவதும் உள்வால்வு திறக்கத் தொடங்குவதும் பிஸ்டன் உச்சியை ஒட்டித்தான் என்று தெரிந்துவிட்டால், அழிந்த குறிகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒழுங்காக அடையாளம் போட்டுக் கழற்றியவன் இதில் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான்!

எல்லாப் பிழையும் இப்படித் திரும்பி வருவதில்லை. பிஸ்டன் ரிங் வார்ப்பிரும்பு. அகலப் பிரித்தால் கண்ணாடி போல ஒடியும். தகரக் கீற்றுகளை அடியில் செருகி வழுக்கவிட்டு எடுக்கிற வித்தையை ஒரு ரிங்காவது ஒடிந்த பிறகே பலர் அறிகிறார்கள். ஒடிந்த ரிங்குக்குப் புதிய ரிங்தான் வழி: கப்பலில் வர வேண்டும், அல்லது கடைசல் பட்டறையில் கடைந்தெடுக்க வேண்டும். மரை தேய்ந்த துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டவும் பட்டறைதான் வேண்டும். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலைக்குப் பின் கோவை மெல்ல மெல்ல ஆலைகளின் ஊராகிவந்தது. ஆலை இருக்கும் ஊரில் இரும்போடு பழகிய கைகளும் இருக்கும்.

திருப்பூரில் இதன் தொடர்ச்சியை வேறு வடிவில் காணலாம். ரிப், இன்டர்லாக் துணி நெய்யும் வட்டப் பின்னல் எந்திரங்களில் டயல் ஊசிகளுக்கும் சிலிண்டர் ஊசிகளுக்கும் இடையே முன்பின் கணக்கு ஒன்று உண்டு. ஃபிட்டர்கள் அதையும் 'டைமிங்' என்றே சொல்கிறார்கள். கணக்கு பிசகினால் எங்கே பிசகிற்று என்பதைத் துணியே காட்டிக்கொடுக்கிறது. இன்ஜினில் புகையைப் படிப்பதும் இங்கே துணியைப் படிப்பதும் ஒரே எழுத்தறிவு.

நாயுடுவும் திருப்பூருக்கு வந்தவர்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே பஞ்சு அரைவை ஆலை நடத்திப் பொருள் சேர்த்தார். பிறகு பம்பாய் போய்ப் பருத்தி வணிகத்தில் இறங்கி, சேர்த்ததை இழந்து திரும்பினார். இதையும் கதைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நமக்கோ இதுவே அவர் வாழ்வின் திருப்பமாகப் படுகிறது. மீண்டும் பருத்திக்குப் போகாமல், கை பழகியிருந்த இடத்துக்கு, அதாவது மோட்டாருக்குத் திரும்பினார். ஸ்டேன்ஸின் உதவியோடு வாங்கிய ஒரு பேருந்து, 1933 வாக்கில் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸின் 280 பேருந்துகளாகியிருந்தது. 1937இல் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியில், இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார்களில் ஒன்று வெளிவந்தது.

1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியபோது நாயுடுவே அதன் முதல்வரானார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வீண், இரண்டே போதும், மாணவன் பட்டறையில் கை வைக்கட்டும் என்பது அவர் கட்சி. அரசு இணங்கவில்லை. அவர் விலகிக்கொண்டார். கல்லூரி நான்காண்டுப் படிப்போடு வளர்ந்து, இன்று தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது.