மட்டாஞ்சேரியில் ஒரு கைத்துப்பாக்கி

எங்கள் ஆபீஸ் லஞ்ச் டேபிளில் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு மூன்று விஷயத்துக்குள் அடங்கிவிடும்: ஃபுட்பால், பார்பெக்யூ, துப்பாக்கி. டெக்ஸாஸ் அப்படி. முதல் இரண்டில் எனக்குத் தலையாட்டத் தெரியும். மூன்றாவதில் வெகுநாள் வெறும் சாம்பார் சாதம்தான். எதிரே இருக்கும் நண்பருக்குக் கைத்துப்பாக்கி மட்டும் பதினொன்று. நம்ம ஊர் மாமா ஒருவர் ஸ்கூட்டருக்குப் புது சீட் கவர், புது ஹாரன் என்று மாற்றிக்கொண்டே இருப்பாரே, அதே கதைதான். பிடி மாற்றினேன், ட்ரிக்கர் மாற்றினேன், இருட்டில் ஒளிரும் குறிமுள் போட்டேன் என்பார். எலெக்ஷன் வந்தால் பேச்சின் சுருதி மாறும். "இந்தத் தடவை பிடுங்கிவிடுவார்கள்" என்பார். 1994ல் பத்துக் குண்டுக்கு மேல் பிடிக்கும் புது மேகஸினுக்குத் தடை வந்ததும், 2004ல் அது காலாவதி ஆனதும் அவருக்கு அவருடைய கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும்.

நல்ல மனிதர். என் கார் பனியில் சிக்கியபோது கயிறு கட்டி இழுத்தவர். அவர் பையனும் என் பையனும் ஒரே வகுப்பு.

போன லீவில் ஊருக்குப் போனபோது கொச்சி வழியாகப் போனோம். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். உருளி, மரக் குதிரை, கப்பல் திசைகாட்டி, யார் வீட்டுத் தாத்தாவோ தெரியாத போட்டோ. ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த ஒரு கைத்துப்பாக்கி. பையன் அதைவிட்டு நகரவில்லை. கடைக்காரர் விடுவாரா? "சாரே, இது வாஸ்கோ ட காமா டைம். ஒரிஜினல் போர்ச்சுகீஸ்."

லஞ்ச் டேபிள் பாடம் அங்கேதான் கைகொடுத்தது. வாஸ்கோ ட காமா 1524ல், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், இதே கொச்சியில் செத்துப்போனார். அவர் காலத்துச் சிப்பாய் கையில் இருந்தது திரித் துப்பாக்கி. புகைந்துகொண்டே இருக்கும் திரியை மருந்தில் தொட்டுச் சுடவேண்டும். புகையும் திரியோடு ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்ள முடியுமா? வேட்டி பற்றிக்கொள்ளும். நெருப்பில்லாமல் தானே பொறி எழுப்பும் விசை வந்த பிறகுதான் கைத்துப்பாக்கி என்ற ஜாதியே பிழைத்தது. முதலில் சக்கரம் சுழன்று பொறி பறக்கும் ரகம், 1600களில் சக்கிமுக்கிக் கல் ரகம். பிறகு 1807ல் ஃபோர்ஸித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டினாலே வெடிக்கும் மருந்துக்கு பேட்டண்ட் வாங்கினார். வாத்து சுடும்போது பொறியின் மினுக்கைப் பார்த்து வாத்துகள் பறந்துவிடுகின்றன என்பது அவர் குறை! அதிலிருந்து வந்ததுதான் செம்புத் தொப்பி. நாம் தீபாவளிக்குச் சுட்ட பொட்டு வெடியின் பெரியப்பா.

கண்ணாடிப் பெட்டியில் இருந்த துப்பாக்கியில் அந்தத் தொப்பியை மாட்டும் முளை இருந்தது. பக்கத்துத் தகட்டில் பழைய துளைகளை அடைத்த தடமும் இருந்தது. அதாவது கல் துப்பாக்கியாகப் பிறந்து, 1820க்குப் பிறகு யாரோ தொப்பித் துப்பாக்கியாக 'அப்கிரேட்' செய்திருக்கிறார்கள். அல்லது போன வருடம் ஒரு கெட்டிக்காரர் அப்படித் தெரியும்படி செய்திருக்கிறார். எப்படியும் வாஸ்கோவுக்கும் இதற்கும் முந்நூறு வருட இடைவெளி. சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே விலையில் பாதியைக் குறைத்தார்.

"லைசென்ஸ் வேண்டாமா?" என்று தங்கமணி கேட்டாள். வேண்டாம், ஆன்டிக் என்றார். பிறகு படித்துப் பார்த்தேன். 1959ம் வருட ஆயுதச் சட்டத்தின் 45வது பிரிவு, பழுது பார்த்தாலும் சுடமுடியாத, வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக 1972ம் வருடத் தொல்பொருள் சட்டம் விடாது. ஆக அது நிஜமான பழசு என்றால் ஏர்போர்ட்டில் பிரச்சினை, சுடக்கூடியது என்றால் போலீஸ் ஸ்டேஷனில் பிரச்சினை. போலி என்றால் மட்டுமே நிம்மதி. வாங்கவில்லை.

ஆனால் கேள்வி விடவில்லை. துப்பாக்கிச் சேகரிப்பு, அப்கிரேட், பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் எல்லாமே இந்தக் கொச்சிக் கரையில் ஐந்நூறு வருடம் முன்பே நடந்திருக்கிறதே என்று தோன்றியது.

1503 வாக்கில் போர்த்துகீசியக் கப்பலில் இரண்டு மிலான் நகரத்துக்காரர்கள் கொச்சிக்கு வந்தார்கள். பெயர் ஜுவான் மரியா, பியெரோ அந்தோனியோ. ரத்தினக் கல் வாங்க வந்தவர்கள் என்பது கணக்கு. கொச்சியில் இறங்கினார்கள், அங்கிருந்து நழுவி கோழிக்கோட்டுக்குப் போய்விட்டார்கள். கொச்சி ராஜா போர்த்துகீசியரின் கூட்டாளி, கோழிக்கோட்டு சாமூதிரி பரம எதிரி. இந்த இருவருக்கும் தெரிந்த இன்னொரு வேலை பீரங்கி வார்ப்பது. நம்ம பாஷையில் சொன்னால் கம்பெனி ஆன்சைட் அனுப்பியது, ஆள் போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்!

இவர்களைப் பற்றி எழுதி வைத்தவர் லுடோவிகோ டி வர்த்தெமா என்ற இத்தாலிய ஊர்சுற்றி. 1505ல் கோழிக்கோட்டில் அவர்களை நேரில் பார்த்தார். 1510ல் ரோமில் அச்சான அவர் புத்தகத்தின்படி, அதற்குள் சிறிதும் பெரிதுமாக நானூறு ஐந்நூறு துப்பாக்கி, பீரங்கி செய்து முடித்திருந்தார்கள். ராஜாவின் ஆட்களுக்குச் சுடவும் கற்றுக்கொடுத்தார்கள். வர்த்தெமா கொஞ்சம் கதை விடுகிற ஆள்தான், எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டாம். ஆனால் இருவரும் சாமூதிரிக்குப் பீரங்கி வார்த்ததைப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களும் சொல்கிறார்கள். 1504ல் சாமூதிரி பெரும்படையோடு கொச்சி மேல் வந்தபோது அந்தப் பீரங்கிகளும் கூட வந்தன. துவார்த்தே பசேக்கோ என்ற தளபதி நூற்றைம்பது சொச்சம் போர்த்துகீசியரையும் கொச்சிப் படையையும் வைத்துக்கொண்டு, காயலைக் கடக்கும் துறைகளில் மாதக்கணக்கில் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்.

முடிவு சோகம். இருவருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. வர்த்தெமா நடுவில் நின்று போர்த்துகீசியரிடம் மன்னிப்பும் வாங்கிக் கொடுத்தார். அதற்குள் ஊரில் செய்தி கசிந்து, 1506ல் கோழிக்கோட்டிலேயே ஒரு கும்பல் இருவரையும் அடித்துக் கொன்றுவிட்டது. துப்பாக்கி ரகசியம் தெரிந்தவனைத் திரும்பிப் போக யாரும் விடமாட்டார்கள். வர்த்தெமாவோ கொச்சிக்கு வந்து போர்த்துகீசியரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

வேணாட்டு ராஜா மார்த்தாண்ட வர்மா இதையே இன்னும் நன்றாகச் செய்தார். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, பிடிபட்ட தெலனாய் என்பவரையே தன் தளபதியாக்கிக்கொண்டார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் கோட்டைக்குள் அவர் கல்லறையைப் பார்த்திருப்பார்கள். லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும்.

வாங்குவதும் மேம்படுத்துவதும் ஆயிற்று. அடுத்தது பிடுங்குவது. நண்பர் பயப்படும் விஷயம்.

இங்கே இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1791 டிசம்பர் 15ல் அமெரிக்காவில் இரண்டாவது சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஆயுதம் வைத்திருப்பது மக்கள் உரிமை. 1801 டிசம்பர் 1ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். தெற்கே பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதங்கள் பறிக்கப்படும். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. பத்து வருட இடைவெளியில், ஒரு வெள்ளைக்கார தேசத்தில் உரிமையானது, நம் ஊரில் குற்றமானது.

கொச்சியின் முறை ஏழு வருடம் கழித்து வந்தது. 1808 டிசம்பர் 28 இரவு, கொச்சி திவான் பாலியத்து அச்சனின் ஆட்களும் திருவிதாங்கூர் வேலுத்தம்பியின் ஆட்களும் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மெக்காலேயின் கொச்சி பங்களாவைத் தாக்கினார்கள். மெக்காலே தப்பிக் கப்பலேறிவிட்டார். சில மாதங்களில் எல்லாம் அடங்கியது. வேலுத்தம்பி உயிரை மாய்த்துக்கொண்டார், பாலியத்து அச்சன் நாடு கடத்தப்பட்டுக் கடைசியில் காசியில் இறந்தார்.

1878ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். பக்கத்துக் குடகுக்காரர்களுக்கு மட்டும் 1861லேயே விலக்கு கிடைத்திருந்தது. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் மண், மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானம். ஒரே தெருவில் நடந்து போனால் நடுவில் அரசாங்கம் மாறும்.

இப்படிப்பட்ட எல்லை இடுக்குகளில்தான் கைத்துப்பாக்கி நுழையும். 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். அவருக்கு வ.வே.சு. ஐயர் பயிற்சி கொடுத்தது பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாண்டிச்சேரியில். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். லைசென்ஸ் சட்டம் போட்டவர்களுக்கு எதற்காகப் பயந்தோம் என்று அன்றைக்குப் புரிந்திருக்கும்.

சுதந்திரம் வந்தது, 1959ல் நம்முடைய சட்டமும் வந்தது. வெள்ளைக்காரன் சலுகை போனது, லைசென்ஸ் போகவில்லை. 1983ல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று வரம்பு கட்டினார்கள். 2019ல் ஒன்றாக்கப் பார்த்து, கூச்சல் எழுந்ததும் இரண்டில் நிறுத்தினார்கள். தாத்தா துப்பாக்கி என்றாலும் இதே கணக்குதான். மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். 1980களின் நடுவிலேயே தனியார் இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியதால், அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டுப் பிஸ்டலுக்கு இன்றும் லட்சக்கணக்கில் விலை. நம் ஊரில் அப்கிரேட் என்றால் புதுசுக்குப் போவதில்லை, பழசுக்குப் போவது!

ஊரிலிருந்து திரும்பியதும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். 1801 கதையைக் கேட்டு மேசையைத் தட்டினார். "பார்த்தாயா? நான் சொன்னதுதான். முதலில் ஆயுதத்தைப் பிடுங்குவார்கள், அப்புறம் மிச்சமெல்லாம்." மறுத்துப் பேச முடியவில்லை. எங்கள் ஊர்க் கதை அவர் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் பாளையக்காரரின் வேலும் ஈட்டியும் கம்பெனிப் பீரங்கியை நிறுத்தவில்லை என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. இங்கே 2020லிருந்து பிள்ளைகள், பதின்வயதினர் சாவுக்கு முதல் காரணம் கார் விபத்து இல்லை, துப்பாக்கி. அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஃப்ரென்ச் ஃப்ரைஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளையை ஒரு வீட்டுக்கு ராத்தங்க அனுப்பும்போது நாய் உண்டா, நீச்சல் குளம் உண்டா, நட்ஸ் அலர்ஜி சொல்லிவிட்டோமா என்று கேட்போம். துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று கேட்க நமக்கு நா எழாது. மரியாதைக் குறைவாகத் தெரியும். தங்கமணி இரண்டு வருடமாக என்னைக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிப்போய் இரும்புப் பெட்டியைக் காட்டினார். பத்து உள்ளே இருந்தன. பதினொன்றாவது அவர் கட்டில் பக்கத்து மேசை டிராயரில், குண்டு போட்டபடி. "ராத்திரி யாராவது வந்தால்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையன்கள் இருக்கும்போது அதையும் பெட்டியில் வைக்கிறேன் என்றார்.

இப்போது சனிக்கிழமை சுடும் பயிற்சிக்கு இரண்டு பையன்களையும் கூட்டிப்போகிறேன் என்று கேட்டிருக்கிறார். மட்டாஞ்சேரிக்குப் பிறகு என் பையன் இதே ஞாபகமாக இருக்கிறான். அம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அடுப்படியில் சத்தமே இல்லை. இன்னும் கேட்கவில்லை போலிருக்கிறது.