40 எம்பிக்குள்ள ஒரு ராஜ்ஜியம்

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தப் போறேன். புகை ஆகாதவங்க தள்ளி உக்காருங்க :-)

போன மாசம் பரணை ஒழிச்சப்ப பழைய நிண்டெண்டோ வீ பொட்டி கையில சிக்குச்சு. 2008-ல ஆன்சைட்னு நியூஜெர்சியில குளிர்ல விறைச்சுக்கிட்டு இருந்த காலத்துல வாங்கினது. அமெரிக்க அடாப்டர், 110 வோல்ட். அதுக்குன்னு ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் புடிச்சு, டிவியில மாட்டி ஆன் பண்ணினா... அட, உசுரோட இருக்கு!

அக்கா பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டா. உள்ள இருந்ததுலயே அவளுக்குப் புடிச்சது ஒரு ராஜா ஆட்டம். ரெண்டு நாள் விடாம ஆடினா. மூணாவது நாள், திரையில இருந்த கடைப் பை படத்தைக் காட்டி, "மாமா, இந்தக் கடையில இதே மாதிரி இன்னொண்ணு வாங்கித் தாங்க"ன்னா.

"அந்தக் கடையை மூடிட்டாங்கடா."

"எப்பத் தொறப்பாங்க?"

அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அதான் இந்தப் பதிவு.

அவ கேட்ட கடைக்கு வீ ஷாப் சேனல்னு பேரு. அதுல புது ஆட்டங்கள் வித்த பகுதிதான் வீவேர். 2008 மார்ச்சுல ஜப்பான்லயும், மே மாசம் அமெரிக்கா, ஐரோப்பாவுலயும் தொறந்தாங்க. டிஸ்க் கிடையாது, அட்டைப்பெட்டி கிடையாது. 100 பாயிண்ட் ஒரு டாலர். கடையில 20 டாலருக்குக் கார்டு வாங்கிச் சுரண்டி நம்பரை அடிச்சா 2000 பாயிண்ட். டிஸ்க்ல வர்ற பெரிய ஆட்டம் 50 டாலர் வித்தப்ப, இங்க 5, 10, 15 டாலருக்கு ஒண்ணு கிடைக்கும். இறங்குற வரைக்கும் குட்டி மரியோ காசு பொறுக்கிக்கிட்டே ஓடுவார். பின்னாடி அந்தக் கடை மியூசிக் வேற. இன்னைக்கும் அதைக் கேட்டா எனக்கு எடிசன் நகரத்து அப்பார்ட்மெண்ட் ஹீட்டர் வாசனை வருது.

இதுல ஒரு கண்டிஷன் இருந்துச்சு. எந்த ஆட்டமும் 40 எம்பியைத் தாண்டக் கூடாது. (40 எம்பின்னதும் "நாற்பதும் நமதே" ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை.) ஏன்னா வீக்குள்ள ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. மொத்தமே 512 எம்பி ஃபிளாஷ் மெமரிதான். ஆட்டமும் அதுலதான், சேவ் பண்றதும் அதுலதான். கடையில அளவைக்கூட எம்பியில சொல்ல மாட்டாங்க, 'பிளாக்' கணக்கு. ஒரு பிளாக் 128 கேபி. 40 எம்பின்னா 320 பிளாக். மைக்ரோசாஃப்ட் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2005-ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்ப, ஹார்ட் டிஸ்க் இல்லாத மாடலும் வித்தாங்க. அதுக்கான மெமரி கார்டு 64 எம்பி. அதுல அடங்கணும்னு அவங்க ஆர்கேட் ஆட்டத்துக்கு 50 எம்பி வரம்பு. அவங்க 2007-லயே 150 ஆக்கிட்டாங்க, அப்புறம் இன்னும் ஏத்திக்கிட்டே போனாங்க. நிண்டெண்டோ மட்டும் கடைசி வரைக்கும் 40-லயே நின்னுச்சு.

இவ்வளவு சின்னப் பொட்டிக்குள்ள என்னத்தைச் செய்ய முடியும்னு நினைப்போம். ஆனா முதல் நாளே வந்த ஆட்டங்களைப் பாருங்க.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கம் ஃப்ரண்டியர்னு ஒரு கம்பெனி. அவங்க செஞ்சது 'லாஸ்ட்விண்ட்ஸ்'. ஒரு சின்னப் பையன் நடந்து போறான், நாம ரிமோட்டால காத்தை வரையணும். காத்து அவனைத் தூக்கிட்டுப் போகும். அவ்ளோதான் ஆட்டம், ஆனா அவ்ளோ அழகு.

அக்கா பொண்ணு கட்டிக்கிட்டு அழற ராஜா ஆட்டம் ஸ்கொயர் எனிக்ஸோடது. 'ஃபைனல் ஃபேண்டஸி கிரிஸ்டல் க்ரானிக்கிள்ஸ்: மை லைஃப் அஸ் எ கிங்'. (பேரே பத்து எம்பி இருக்கும் போல.) வழக்கமா இந்த மாதிரி ஆட்டத்துல நாமதான் கத்தியைத் தூக்கிக்கிட்டு காடு, மலை, குகைன்னு சுத்துவோம். இதுல நாம லியோன்னு ஒரு பொடியன் ராஜா. ஊரை விட்டு வெளிய போகவே முடியாது. வீடு கட்டணும், கடை கட்டணும், குடிமக்கள்கிட்ட பேசணும். சண்டைக்கு ஆள் அனுப்பி வச்சுட்டு, மறுநாள் காலையில அவங்க என்ன செஞ்சாங்கன்னு அறிக்கை படிக்கணும். குகையை நாம பார்க்கவே மாட்டோம்! 40 எம்பிக்குள்ள அத்தனை குகையும் அடங்காதுன்னுதான் இப்படி யோசிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணும். காரணம் எதுவா இருந்தாலும், போருக்குப் புள்ளையை அனுப்பிட்டு வாசல்ல காத்திருக்கிற மனுஷனோட நிலைமையை, பெரிய டிஸ்க் ஆட்டம் எதுலயும் நான் இப்படி அனுபவிச்சதில்லை.

அதே வருஷம் அக்டோபர்ல 'வேர்ல்ட் ஆஃப் கூ'. கைல் கேப்லர், ரான் கார்மல்னு ரெண்டு பேர், பெரிய கம்பெனியில வேலையை விட்டுட்டு வந்தவங்க. ஆபீஸ்கூட இல்லாம சான்ஃபிரான்சிஸ்கோ காபிக் கடைகள்ல உக்காந்து செஞ்சாங்க. பசை மாதிரி கறுப்பு உருண்டைகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கோபுரம் கட்டணும். இதோட விதை, கைல் காலேஜ் காலத்துல நாலு நாள்ல செஞ்ச ஒரு குட்டி ஆட்டம். எங்க ரூம்ல நாலு பேர், ஆணி புடுங்கிட்டு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கோபுரம் கட்டினோம். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினது தனிப் பதிவா போடலாம்.

'மெகா மேன் 9' இன்னொரு தினுசு. 2008-ல வந்த ஆட்டத்தை வேணும்னே இருபது வருஷத்துக்கு முந்தின எட்டு பிட் ஆட்டம் மாதிரி, அதே கட்டம் கட்டமான படம், அதே கீச்சு சத்தம்னு செஞ்சிருந்தாங்க. 2010-ல வந்த 'கேவ் ஸ்டோரி'யை டைசுகே அமாயான்னு ஒரு ஜப்பான்காரர் தனி ஆளா அஞ்சு வருஷம் உக்காந்து செஞ்சு, 2004-லயே கம்ப்யூட்டருக்கு இலவசமா குடுத்திருந்தார். அந்த மூல ஆட்டம் ஏறக்குறைய ஒரே ஒரு எம்பி!

எல்லாம் சுபம்னு சொல்ல முடியாது. 'சூப்பர் மீட் பாய்' வீவேருக்கு வர்றதா இருந்துச்சு. 40 எம்பிக்குள்ள அடைக்க முடியலைன்னு கைவிட்டுட்டாங்க. 2010-ல எக்ஸ்பாக்ஸ்ல வந்து சக்கைப்போடு போட்டுச்சு. வாங்கினவங்களுக்கும் இடம் பத்தலை. 2009 மார்ச் வரைக்கும் எஸ்டி கார்டுல ஆட்டத்தை வச்சு நேரா ஓட்ட முடியாது. புதுசு வேணும்னா பழசை அழி, பழசு வேணும்னா மறுபடி இறக்கு. இதை விடக் கொடுமை, குறிப்பிட்ட எண்ணிக்கை விக்கிற வரைக்கும் ஆட்டம் செஞ்சவருக்குக் காசு கிடையாது. 2013 பிப்ரவரியில, வீவேரை எல்லாரும் மறந்துட்ட நேரத்துல, பிரையன் ப்ரோவின்சியானோ 'ரெட்ரோ சிட்டி ராம்பேஜ்' ஆட்டத்தைப் பிழிஞ்சு 40 எம்பிக்குள்ள அடைச்சு வெளியிட்டார். லாபம் பாக்கிறவன் செய்ற வேலையா அது?

சரி, கடை மூடின கதைக்கு வருவோம். 2018 மார்ச் 26-ஓட பாயிண்ட் ஏத்துறதை நிறுத்தினாங்க. 2019 ஜனவரி 30, கடைக்குப் பூட்டு. முன்னாடி வாங்கினதை மறுபடி இறக்குறதும் ஒரு நாள் நிக்கும்னு அப்பவே சொல்லிட்டாங்க. வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச்சுல போச்சு. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில.

இது புதுக் கதையும் இல்லை. 1983-லயே அமெரிக்காவுல அட்டாரி 2600-க்கு டெலிபோன் லைன் வழியா ஆட்டம் இறக்குற 'கேம்லைன்' இருந்துச்சு. அந்த வருஷம் வீடியோகேம் தொழிலே படுத்துச்சு, அதுவும் கூடவே படுத்துச்சு. (அந்தக் கம்பெனியோட சாம்பல்லேர்ந்து எழுந்ததுதான் பின்னாடி ஏஓஎல் ஆச்சு. நம்புங்க, நெசம்.) 1994-ல கேபிள் டிவி வழியா 'சேகா சேனல்'. மாசம் 15 டாலர் கட்டினா ஆட்டமோ ஆட்டம். ஆனா ஸ்விட்சை அணைச்சா இறங்கின ஆட்டம் காலி. 1998-ல சேவையே காலி.

ஜப்பான்ல 1995 ஏப்ரல்ல வந்த 'சேட்டலாவியூ'தான் எனக்கு ரொம்ப வலிக்கிற ஒண்ணு. நிண்டெண்டோவோட சூப்பர் ஃபாமிகாமுக்கு சேட்டிலைட்ல ஆட்டம் அனுப்பினாங்க. செல்டா ஆட்டத்தோட ஒரு தனி வடிவத்தை, நடிகர்கள் குரலோட, குறிப்பிட்ட மணி நேரத்துல மட்டும் ஒளிபரப்பினாங்க. நம்மூர்ல ஞாயித்துக்கிழமை காலையில மகாபாரதம் பாக்க உக்காந்த மாதிரி, அந்த நேரத்துக்கு உக்காந்தாதான் ஆட முடியும். ஆட்டம் மெமரி பேக்ல இறங்கும், குரல் இறங்காது. காத்துல வந்து காத்துலயே போயிடும். 2000 ஜூன்ல மொத்தமா நின்னுபோச்சு. அப்புறம் ரசிகர்கள் பழைய மெமரி பேக்குகளைத் தேடித் தேடி வாங்கி, அழியாம மிச்சம் இருந்ததை மீட்டாங்க. காயலான் கடையில ஓலைச்சுவடி தேடுற கதைதான்.

இதையெல்லாம் அக்கா பொண்ணுகிட்ட சொல்லலை. "இனிமே தொறக்க மாட்டாங்கடா"ன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா.

"அப்ப இது மட்டும்தான் இருக்கா?"

"ஆமா."

"அப்ப பத்திரமா ஆடணும்"னுட்டு ரிமோட்டை எடுத்துக்கிட்டா. இன்னும் ஒரு தெரு பூரா வீடு கட்டணுமாம். டிரான்ஸ்ஃபார்மர் சுடுதான்னு அப்பப்ப தொட்டுப் பாத்துக்கிட்டே நானும் பக்கத்துல உக்காந்திருக்கேன்.