ஐந்தாம் வகுப்பு என்னும் வாசல்

ஹந்தானை மலையின் மேலே தேயிலைத் தோட்டங்கள். அடிவாரத்தில், மகாவலி கங்கைக் கரையில், பேராதனைச் சர்வகலாசாலை. மலையிலிருந்து இறங்கி நடந்தால் அதிக நேரம் செல்லாது. ஆயினும், மேலே லயத்திற் பிறந்த பிள்ளை கீழேயுள்ள விரிவுரை மண்டபத்தில் வந்து அமர்வதற்கு எத்தனை தலைமுறைகள் சென்றன! ஏழை மாணாக்கனுக்குச் சர்வகலாசாலை வாசலிற் கொடுக்கும் உதவி காலங்கடந்தது, பத்து வயதிலேயே கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் எவ்வாறு பிறந்தது, அது தோட்டத்துப் பிள்ளையை எட்டாமற் போனது ஏன் என்பவற்றை இங்கு சிறிது ஆராய்வோம்.

இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1884இல் தென்மாகாணத்தில் ரன்தொம்பை என்னும் ஊரிற் பிறந்தவர். அம்பலாங்கொடையில் வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் படித்த இச்சிறுவனின் திறமையைக் கண்டவர் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் ஜேம்ஸ் டறல் என்னும் ஆங்கிலப் பாதிரியார். அக்கல்லூரியிற் பயில இவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. அது கிடைத்திராவிட்டால் 1931இல் இலங்கையின் முதற் கல்வி அமைச்சராக இவர் அமர்ந்திருப்பாரா என்பது ஐயமே. பேராதனையின் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களோ பிரிஸ்டல் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன். உபகாரச் சம்பளங்களைப் படியாக்கிக் கேம்பிரிட்ஜ் வரை ஏறியவர். நம் நாட்டுக் கல்வியை உருவாக்கிய இவ்விருவரும் சிறுவயதில் ஒருவர் கைதூக்கிவிட மேலே வந்தவர்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1940இல் நியமிக்கப்பட்ட கல்வி விசேட குழு, கன்னங்கராவின் தலைமையில் 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணமில்லாக் கல்வி என்பதே அதன் உயிர்நாடி. 1945 அக்டோபர் 1ஆந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பதைக் கன்னங்கரா நன்குணர்ந்திருந்தார். கிராமத்து ஏழைச் சிறுவனுக்கு நல்ல பள்ளிக்கூடம் அருகில் இல்லை. தூரத்துப் பள்ளிக்குச் சென்றால் தங்க இடமும் உணவும் இல்லை. ஆகவே ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்து, தேறிய ஏழைப் பிள்ளைகளை விடுதியோடு கூடிய மத்திய பாடசாலைகளிற் சேர்த்துச் செலவையும் அரசாங்கமே ஏற்கும் திட்டம் எழுந்தது. மத்திய பாடசாலைகள் சில ஆண்டுகளில் 54 ஆகப் பெருகின. சிங்களக் கிராமங்களிலிருந்து 1950களில் பேராதனைக்கு வந்த மாணாக்கர் பலரும் இவ்வாசல் வழியாகப் புகுந்தவர்களே.

இனி நம் மலைகளைப் பார்ப்போம். 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அங்கு கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகச் சட்டம் பேசியது 1907ஆம் ஆண்டிலேதான். 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டமும், தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்தின்மேற் சுமத்தியது. இந்த வயதெல்லையைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். மத்திய பாடசாலையின் வாசல் திறப்பது பத்து வயதளவில்; தோட்டப் பாடசாலையின் வாசல் மூடுவதும் அதே பத்து வயதில்! கிராமத்துச் சிறுவன் உபகாரச் சம்பளப் பரீட்சை எழுதும் பருவத்தில், தோட்டத்துச் சிறுவனின் பெயர் செக்ரோலில் ஏறியது.

தோட்டப் பாடசாலை எவ்வாறு இருந்தது? ஒரே மண்டபம், பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் அவர் பொறுப்பு. சம்பளமோ துரையின் கையில். துரையைப் பகைத்துக்கொண்டு, பையனை மலைக்கு அனுப்பாமல் மேற்படிப்புக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல எத்தனை வாத்தியார்கள் துணிவர்? துணிந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை.

1947இல் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் தோட்டப் பாடசாலைகளிற் பெருமாற்றம் விளையவில்லை. அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனின் பிள்ளைக்குப் பள்ளி கேட்கச் சபையில் யார் இருப்பார்? 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. அரசாங்கப் பொறுப்பு அவற்றை எட்டத் தொடங்கியது 1970களில், தோட்டங்களே அரசுடைமையான பின்னர். கன்னங்கராவின் இலவசக் கல்விக்கும் இதற்கும் இடையே ஒரு முழுத் தலைமுறை கழிந்துவிட்டது.

அதன்பின் வந்த உதவியின் தன்மை வேறு. 1980களில் சுவீடன் நாட்டின் நன்கொடை தோட்டப் பாடசாலைகளின் கட்டிடத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் வந்தது. ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைப் பத்தனையில் சிறீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. ஒரு பையனைப் பொறுக்கியெடுத்துப் பணம் கொடுக்கும் முறை இதுவன்று. வகுப்பு முழுவதையும் உயர்த்தும் முறை. அமெரிக்காவிலும் இவ்விரு முறைகளுக்கும் உதாரணம் உண்டு. 1965இல் அங்கு தொடங்கிய ‘அப்வேர்ட் பவுண்ட்’ திட்டம் தெரிந்தெடுத்த உயர்தரப் பள்ளி மாணாக்கருக்கு உதவியது. 1998இல் வந்த ‘கியர் அப்’ திட்டமோ, ஏழைகள் மிகுந்த பள்ளிகளில் ஏழாம் வகுப்புக்குப் பிந்தாமல் முழு வகுப்பையும் கைக்கொண்டு, பள்ளிப்படிப்பு முடியும் வரை பின்தொடர்கிறது. எமக்கு இரண்டாவது முறையே சிறந்ததாகத் தோன்றுகிறது. பரீட்சையில் தேறுவதற்கே நல்ல வாத்தியார் வேண்டுமாயின், அவ்வாத்தியார் இல்லாத பள்ளிக்கு உபகாரச் சம்பளம் எங்ஙனம் போய்ச் சேரும்?

சர்வகலாசாலைக்குள் வந்தபின் ஏழைக்கு உதவி இல்லாமலில்லை. 1981இல் லலித் அத்துலத்முதலி நிறுவிய மகாபொல நிதியம் எண்ணற்றவர்களுக்குச் சோறிட்டிருக்கிறது. ஆனால் அது வாசலைக் கடந்தவனுக்கு.

ஐந்தாம் வகுப்புப் பரீட்சையின் கதி இன்று விசித்திரமானது. ஏழைக்கென்று பிறந்த அது, பேர்பெற்ற பாடசாலைகளில் இடம்பிடிக்கும் பந்தயமாயிற்று. கண்டி நகர்த் தெருக்களிலே மதில்தோறும் டியூசன் விளம்பரங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே ஓடத் தொடங்குகிறது. உபகாரச் சம்பளம் மட்டும் இன்றும் குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கே. இத்தனைக்கும் நடுவே கலகாவிலோ தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ ஒரு தோட்டப் பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிடுவதுண்டு. முடிவு வந்த மறுவாரம், ஒரு நாட் பேரை இழந்து, கொழுந்துக் கூடையை வீட்டில் வைத்துவிட்டு, மகளைக் கையிற் பிடித்தபடி தாய் கண்டிக்கு பஸ் ஏறுகிறாள். விடுதியுள்ள தமிழ்ப் பாடசாலை எது, தங்க எவ்வளவு செலவாகும் என்று அவள் கடைக்காரரிடமும் வழிப்போக்கரிடமும் கேட்டு அலைவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.