உணர்வுக்கு ஓர் உச்சவரம்பு: அமெரிக்கப் படைவீரர் மேல்முறையீடுகளில் நரம்புப் பாதிப்பு

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், நரம்புக் காயம் பட்ட சிப்பாய்களுக்கென்றே பிலடெல்பியாவில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனை இயங்கியது. அங்கே பணியாற்றிய சைலஸ் வெயர் மிட்செல், மோர்ஹவுஸ், கீன் ஆகிய மருத்துவர்கள் 1864-ல் வெளியிட்ட நூலில் ஒரு வலியை விரிவாகப் பதிவு செய்தார்கள். குண்டு துளைத்த புண் ஆறிவிடும். தோல் மட்டும் நெருப்புப் பட்டதுபோல எரிந்துகொண்டே இருக்கும். ஈரத்துணியை ஒரு கணமும் கீழே வைக்காதவர்கள் இருந்தார்கள். பூட்சுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள். மிட்செல் பின்னர் அந்த எரிச்சலுக்குக் காஸால்ஜியா என்று பெயரிட்டார். அசைவு எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், உணர்வு கெட்டுப்போனால் ஒரு மனிதனின் வாழ்க்கை குலையும் என்பது அமெரிக்க ராணுவ மருத்துவத்துக்கு அன்றே தெரிந்திருந்தது.

அந்நாட்டின் இழப்பீட்டுச் சட்டம் இந்த அறிவை ஏற்றுக்கொள்ளவில்லை. முன்னாள் படைவீரரின் இயலாமையைச் சதவீதக் கணக்கில் அளக்கும் மதிப்பீட்டு அட்டவணை 1945-ஆம் ஆண்டின் அட்டவணையை அடித்தளமாகக் கொண்டது. புற நரம்புகளைப் பற்றிய அதன் 4.124ஏ பிரிவில் ஒரு குறிப்பு உண்டு. பாதிப்பு முழுக்க உணர்வு சார்ந்ததாக இருந்தால், ‘இலேசானது’ அல்லது அதிகபட்சம் ‘நடுத்தரமானது’ என்றே மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். கடந்த சில பத்தாண்டுகளில் நீதிமன்றங்களும் நாடாளுமன்றமும் படைவீரருக்காகத் திறந்துவிட்ட கதவுகள் பல. நரம்புப் பாதிப்பைப் பொறுத்தவரை அவற்றின் பயனில் பெரும்பகுதியை இந்தச் சிறு குறிப்பு விழுங்கிவிடுகிறது. மேல்முறையீடுகளின் உண்மையான முட்டுக்கட்டை இதுவே என்பதும், இது மருத்துவ உண்மையைவிடப் பழைய மதிப்பீடு ஒன்றையே பிரதிபலிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறந்த கதவுகளை முதலில் பார்க்கலாம். 1962 முதல் 1971 வரை வியட்நாமில் அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லிகளைத் தெளித்தன. அவற்றில் பெரும்பங்கு வகித்த ஏஜென்ட் ஆரஞ்சில் டையாக்சின் கலந்திருந்தது. 1991-ஆம் ஆண்டின் ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம், அறிவியல் ஆய்வுகளின் அடிப்படையில் சில நோய்களைப் போர்ச்சேவையால் வந்தவை என்று அனுமானித்துக்கொள்ள வழிசெய்தது. 1996-ல் குறுகிய காலப் புற நரம்பு நோய் அப்பட்டியலில் சேர்ந்தது. ஆனால் நோய் இரண்டு ஆண்டுகளுக்குள் குணமாகியிருக்க வேண்டும் என்ற வினோதமான நிபந்தனையோடு. குணமாகிவிட்ட நோய்க்கு மட்டும் அனுமானம், நீடித்த நோய்க்கு இல்லை! நரம்புப் பாதிப்பு நீடிக்கவும் கூடும் என்று, அந்த ஆய்வுகளை மதிப்பிட்ட அறிவியல் அமைப்பு மறுஆய்வில் சொன்ன பிறகு, 2013-ல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. நச்சுக்கு ஆளான கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள் நோய் 10 சதவீத அளவிலாவது தலைகாட்டியிருக்க வேண்டும் என்ற விதி மட்டும் நின்றது. இருபது வயதில் ஊர் திரும்பி, கால் மதமதப்பைப் பொருட்படுத்தாமல் வேலை தேடப் போனவர் அந்த ஓராண்டுக்கான மருத்துவச் சீட்டுக்கு எங்கே போவார்?

இதைவிட அகலமான வழி 2001-ல் பிறந்தது. அந்த ஆண்டு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அனுமானப் பட்டியலில் சேர்ந்தது. சேவையால் வந்ததாக ஏற்கப்பட்ட நோய் இன்னொரு நோயை உண்டாக்கினால், அதற்கும் இழப்பீடு உண்டு. ஆகவே சர்க்கரை நோயால் வந்த கால் எரிச்சலும் மரத்துப்போதலும் காலக்கெடு இல்லாமல் உள்ளே வந்தன. 2018-ல் ஸாண்டர்ஸ் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு படி ஏறியது. நோயின் பெயர் கண்டறியப்படாவிட்டாலும், உடலின் செயல்பாட்டைக் குறைக்கும் வலி தன்னளவிலேயே இயலாமைதான் என்றது. எனவே ‘எப்படி வந்தது’ என்ற கேள்விக்குச் சட்டம் தாராளமாகவே பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. இடறல் ‘எவ்வளவு’ என்ற அடுத்த கேள்வியில்.

பரிசோதனை அறையில் நடப்பதைக் கவனித்தால் இது புலப்படும். புற நரம்புகளுக்கான படிவத்தில் ஓயாத வலி, விட்டுவிட்டு வரும் வலி, குத்தலும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும், மரத்துப்போதல் என்று நான்கு வரிசைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கைகாலுக்கும் ‘இல்லை’, ‘இலேசு’, ‘நடுத்தரம்’, ‘கடுமை’ என்று மருத்துவர் குறிக்கிறார். வலி ‘கடுமை’ என்று அவர் குறித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தசைவலு சரியாக இருக்கிறது, தசை சூம்பவில்லை. அப்படியானால் மதிப்பீட்டு அதிகாரியின் மேசையில் அதே வலி ‘நடுத்தரம்’ ஆகிவிடும். மருத்துவரின் கண்டறிதலை யாரும் மறுக்கவில்லை. அட்டவணை அதைக் கணக்கில் எடுக்க மறுக்கிறது.

எண்களில் இதன் விளைவு பெரிது. இடுப்பிலிருந்து கால்வரை ஓடும் சயாட்டிக் நரம்புக்கு இலேசான பாதிப்பு 10, நடுத்தரம் 20, ஓரளவு கடுமை 40, தசை சூம்பிய கடுமை 60, முழுச் செயலிழப்பு 80 சதவீதம். சயாட்டிக் நரம்பு மட்டும் கணக்கில் வரும் ஒருவருக்கு இரு கால்களிலும் உணர்வுப் பாதிப்பு என்றால் தலா 20-க்கு மேல் இல்லை. அட்டவணையின் கூட்டல் முறைப்படி இரண்டும் சேர்ந்து 36. இரு பக்கமும் பாதிக்கப்பட்டதற்காக அதில் பத்தில் ஒரு பங்கு கூடி 39.6, முழு எண்ணாக 40. மாத்திரையால் கட்டுப்படும் சர்க்கரை நோய்க்கான 20-ஐச் சேர்த்தாலும் 50-தான். வேலை பார்க்க இயலாதவருக்கு முழு இழப்பீடு தரும் விதியின் வழக்கமான வாசல் 60-ல் தொடங்குகிறது. இரு கால்களின் பாதிப்பும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படும். கால்களுக்குத் தலா 40 கிடைத்திருந்தால் கூட்டுத்தொகை 70-ஐ எட்டி வாசலைக் கடந்திருக்கும். இரவெல்லாம் உள்ளங்கால் எரிந்து தூங்காதவர், தரையை உணர முடியாமல் ஏணியில் ஏறப் பயப்படுபவர், விசேஷப் பரிந்துரை வழியாகத் தனியே மன்றாட வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த அட்டவணையே தன்னோடு முரண்படுகிறது என்பது கவனத்துக்குரியது. முகத்தின் முப்பிரிவு நரம்பில் வரும் தாங்கமுடியாத வலியை முழுச் செயலிழப்பின் அளவுவரை மதிப்பிடலாம் என்று 4.124 பிரிவு அனுமதிக்கிறது. அங்கே கேள்வி வலியைப் பற்றியதுதான், அசைவைப் பற்றியது அல்ல. சயாட்டிக் நரம்பிலேயே ‘நரம்பழற்சி’ என்ற தலைப்பில் வழக்கு வந்தால், உடற்கூறு மாற்றம் இல்லாவிட்டாலும் 40 வரை போக இடமுண்டு. அதே எரிச்சல் சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பாக வந்து செயலிழப்புத் தலைப்பில் வைக்கப்பட்டால் 20-ல் நிற்கிறது. ஒரே துன்பத்தின் விலை, அது எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

உச்சவரம்பை ஆதரிப்போர் சொல்லும் காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. தசை சூம்பியதை அளவுநாடாவால் அளக்கலாம். எரிச்சலை அளக்க முடியாது. பொது நிதியைச் சொல்லை மட்டும் நம்பிக் கொடுக்கலாமா? ஆனால் இழப்பீட்டை வழங்கும் இதே படைவீரர் நலத்துறை ஒற்றைத் தலைவலிக்கு, பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை வைத்தே, 50 சதவீதம்வரை தருகிறது. போர் அதிர்ச்சியால் வரும் மனநோய்க்கு 100 சதவீதம் வரை உண்டு. அதற்கும் இரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது. தவிர, நுண்நரம்பு நோயில் வழக்கமான நரம்புக் கடத்தல் சோதனை இயல்பாகவே வரும் என்பதும், காலிலிருந்து சிறு தோல்துண்டு எடுத்து நரம்பிழைகளின் அடர்த்தியை எண்ணலாம் என்பதும் இன்று நரம்பியலில் பாலபாடம். 1945-ல் காண முடியாதிருந்த சிதைவை இன்று நுண்ணோக்கியில் காணலாம். அப்படிக் கண்டாலும் உச்சவரம்பு அசைவதில்லை. ஏனெனில் அது நிரூபணத்தின் அளவைக் கேட்கவில்லை, பாதிப்பின் வகையைக் கேட்கிறது.

நீதிமன்றம் இதைச் சரிசெய்யுமா? 1988-ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை படைவீரர் நலத்துறையின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகவே வழியில்லை. அச்சட்டத்தால் பிறந்த படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-ல் கில்பர்ட் வழக்கில், சாட்சியங்கள் ஏறக்குறையச் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்ற விதியை அழுத்தமாக விளக்கியது. ஆனால் 2025 மார்ச்சில் பஃப்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில், அந்த விதியைத் துறை பயன்படுத்திய விதத்தில் தெளிவான பிழை இருந்தால்தான் கீழ்நீதிமன்றம் தலையிடலாம் என்று தீர்ப்பளித்தது. எவ்வளவு கடுமை என்பது பெரும்பாலும் உண்மைநிலை பற்றிய கேள்வி. இனி அதைக் கலைப்பது கடினம். அட்டவணையின் வரிகளைத் தாக்கலாம் என்றால், அட்டவணையின் உள்ளடக்கத்தை மறுஆய்வு செய்யப் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சட்டமே தடை விதித்திருக்கிறது. பொருள்கொள்வதற்கு மட்டுமே இடம். அந்த இடத்தில் 2017-ல் மில்லர் வழக்கு வந்தது. உணர்வைத் தாண்டிய அறிகுறியும் இருக்கிறது, ஆகவே நடுத்தரத்துக்கு மேல் தந்தாக வேண்டும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. குறிப்பு உணர்வுப் பாதிப்புக்கு மேல்வரம்பு வைக்கிறது, மற்றவற்றுக்குக் கீழ்வரம்பு வைக்கவில்லை என்பது தீர்ப்பு. வாசகத்தின்படி அது சரியான வாசிப்பு. கோளாறு வாசகத்தில் இருக்கிறது.

ஆகவே பொறுப்பு துறைச் செயலரிடமும் நாடாளுமன்றத்திடமும் வந்து சேர்கிறது. இதற்கு முன்னுதாரணம் அதே 4.124ஏ பிரிவிலேயே இருக்கிறது. தலைக்காயத்துக்குப் பின் வரும் தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை போன்றவற்றை ‘வெறும் அகநிலைப் புகார்கள்’ என்று வகைப்படுத்தி, 10 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று முன்பு விதி இருந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டுவெடிப்பில் சிக்கித் திரும்பியவர்கள் பெருகியபோது, 2008-ல் துறை அந்த விதியைக் கைவிட்டது. அகநிலை அறிகுறிகள் வேலையையும் அன்றாட வாழ்க்கையையும் உறவுகளையும் எவ்வளவு குலைக்கின்றன என்று அளக்கும் புதிய அளவுகோல் அதன் இடத்தில் வந்தது. புற நரம்புகளுக்கும் அதையே செய்யலாம். ‘முழுக்க உணர்வு சார்ந்தது’ என்ற வரியை நீக்கிவிட்டு, நிற்கும் நேரம், நடக்கும் தூரம், தடுமாறி விழுவது, உறக்கம், கைவேலை ஆகியவற்றில் ஏற்படும் இழப்பைப் படிகளாக வகுத்தால் போதும். பரிசோதனைப் படிவத்தில் ‘கடுமை’ என்ற கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் மருத்துவர் இடும் குறி மதிப்பீட்டுத் தாளிலும் கடுமையாகவே சேர அந்த ஒரு திருத்தம் வழிவிடும்.